காவல்கார வாயு

கதிர்வீச்சு வரம்பைத் தாண்டவில்லை என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் குழாய் ஏன் அரித்தது என்பதற்கு அது பதில் இல்லையே.

2016 மார்ச் 11 அன்று குஜராத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தில், முதல் உலையின் குளிர்விப்புக் குழாய் ஒன்று கசிந்தது. கனநீர் ஓடுவது குழாய்க்கு உள்ளே. அரிப்புப் புள்ளிகள் இருந்ததோ வெளிப்பக்கத்தில். அங்கே நிரப்பியிருப்பது கார்பன் டை ஆக்சைடு. கசிந்தால் ஈரத்தை வைத்துக் காட்டிக்கொடுக்க வேண்டிய வாயு. அதில் கலந்திருந்த ஹைட்ரோகார்பன் மாசுதான் அரித்தது என்று பின்னர் விளக்கம் வந்தது. காவலுக்கு வைத்ததே கன்னம் வைத்திருக்கிறது!

இத்தனைக்கும் 2015 ஜூலையிலேயே பக்கத்து இரண்டாம் உலையில் ஒரு குழாய் கசிந்திருந்தது. இடையில் எட்டு மாதம். அதற்குள் முதல் உலையில் எதைத் தேடினார்கள்?

கல்பாக்கத்திலும் இதே கனநீர் வகை உலைகள் உண்டு. ஒரு சர்வர் படுத்தாலே என்ன, ஏன், எப்படி என்று எழுதிவைக்காமல் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் விடமாட்டார்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், ஒரு கல்படுக்கையை யாருக்காக யார் செய்தது என்பதையே பாறையில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஈராயிரம் வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. கல்பாக்கத்துக் குழாய்களின் சோதனை அறிக்கையையும் ஆண்டுதோறும், முழுசாக, தமிழில் வெளியிடுங்கள். பயப்படுவதா வேண்டாமா என்பதைப் படித்துவிட்டு நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.