வௌவாலில் நிபாவைத் தேடும்போது

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தின் பேராம்பிரா பகுதியில் நிபா வைரஸ் பரவியபோது, நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் இருந்த வௌவால்கள் முதலில் சோதிக்கப்பட்டன. வைரஸ் இல்லை என்றதும், வௌவால்மீது வீண்பழி என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் அவை பூச்சி தின்பவை. நிபாவைச் சுமப்பது பழந்தின்னி வௌவால். பின்னர் அந்த இனத்தைப் புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம் சோதித்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது.

வைரஸைச் சுமக்கும் வௌவால் நோயுற்றதாகத் தெரியாது. வைரஸை எப்போதாவதுதான் வெளியேற்றும். ஆகவே தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, வைரஸைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்வதோடு, இரத்தத்தில் எதிர்ப்பொருளும் பார்க்கப்படுகிறது. எதிர்ப்பொருள் என்றோ வந்துபோன தொற்றின் தடயம். வௌவால் இப்போது வைரஸைப் பரப்புகிறது என்பதற்குச் சான்றல்ல. இரண்டையும் பிரித்துச் சொல்லாத தலைப்புச் செய்திகளே வீண் பீதியைக் கிளப்புகின்றன.

வௌவாலிடமிருந்து மனிதருக்கு நோய் வரும் வழி எங்கும் ஒன்றல்ல. மலேசியாவில் 1998-99இல் பன்றிகள் வழியாக வந்தது. வங்கதேசத்தில் வழி வேறு: இரவில் ஈச்சமரத்தில் கட்டிய கலயத்தில் வடியும் சாற்றை வௌவால் நக்குகிறது, விடிந்ததும் மக்கள் அதைப் பச்சையாகக் குடிக்கின்றனர். நோயைத் தடுக்க மரங்களை வெட்டி வௌவால்களை விரட்டினால் அவை புது இடங்களுக்குச் சிதறும். மாறாக, சாறு வடியும் இடத்தையும் கலயத்தின் வாயையும் மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் சாற்றை நெருங்குவதில்லை என்பது அங்கேயே சோதித்துக் கண்டது.