ஒரு எஞ்சினுக்கு எவ்ளோ நேரம் பாஸ்?

"ஃபோர்டு கம்பெனி திரும்ப வருதாம்லா... நம்ம ஊர்ப் பயலுவளுக்கு வேலை கிடைக்குமாலே?" பனவடலிசத்திரம் டீக்கடையில ஒரு மாமா கேட்டார். மெக்கானிக்கல் படிக்கிறவன்னா இதெல்லாம் தெரிஞ்சிருக்கணுமாம்! சரி, கால்குலேட்டரை எடுங்க.

மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில 2022-ல் உற்பத்தி நின்னுபோச்சு. 2025 அக்டோபர் கடைசியில தமிழக அரசோட புது ஒப்பந்தம். இந்த முறை கார் இல்ல, எஞ்சின். முதலீடு 3,250 கோடி, வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின், 600-க்கு மேல் வேலை, 2029-ல் உற்பத்தின்னு அறிவிச்சாங்க.

600 பேர்னே வெச்சுக்குவோம். ஆளுக்கு வருஷம் சுமார் 390 எஞ்சின். 300 நாள், தினம் 8 மணி நேரம்னா, ஒரு எஞ்சினுக்கு ஆறு மணி நேர உழைப்பு. இதுல ஆபரேட்டர் மட்டுமில்ல. மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ், ஆபீஸ் எல்லாரும் அடக்கம்.

ஹென்றி ஃபோர்டு 1922-ல் வந்த தன் புத்தகத்துல ஒரு கணக்கு சொல்றார். 1913 அக்டோபர்ல ஒரு எஞ்சினை அசெம்பிள் பண்ண 9 மணி 54 நிமிஷம். அசெம்பிளி லைன் வந்து ஆறே மாசத்துல 5 மணி 56 நிமிஷம்! அதே ஆறு மணிதானேன்னு ஏமாந்துடாதீங்க. அவர் சொன்னது பாகங்களைக் கோக்குற நேரம் மட்டும். நம்ம கணக்குல தொழிற்சாலையோட மொத்த வேலையும் இருக்கு.

ரெண்டு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு ஏழரை மணி நேரம் ஓடினா, 69 செகண்டுக்கு ஒரு எஞ்சின் வெளிய வரணும். இதுதான் 'டேக்ட் டைம்'. ஒர்க் ஸ்டடி லேப்ல ஸ்டாப்வாட்ச்சோட நிப்போமே, அது இதுக்குத்தான். ஒரு வேலைக்கு 50 செகண்ட் ஆகுது. ஆள் கொஞ்சம் வேகம், ரேட்டிங் 110 சதவீதம்னா 55. தண்ணி குடிக்க, அசதி தீர 15 சதவீதம் சேத்தா 63. 69-க்குள்ள அடங்கிடுச்சு, ஒரு ஆள் போதும். 75 வந்தா வேலையைப் பிரிக்கணும். அந்த 15 சதவீதத்தைக் குறைச்சும் 'அடக்கலாம்'. ஆனா அது கணக்கு இல்ல, அநியாயம்.

இப்ப காசு. சம்பளம், பி.எஃப்., பஸ், கேன்டீன் எல்லாம் சேத்து ஆளுக்கு மாசம் 50,000 செலவுன்னு நானா ஒரு கணக்கு வெச்சேன். எஞ்சினுக்கு 1,540 ரூபாய்தான் வருது. 3,250 கோடியைப் பத்து வருஷத்துக்குப் பிரிச்சா? எஞ்சினுக்கு 13,800 ரூபாய்! உழைப்பைப் போல ஒன்பது மடங்கு. சம்பளத்தை டபுள் ஆக்கினாலும் 3,080-தான். கூலி ஏறினா கம்பெனி ஓடிடும்னு சொல்றவங்களைப் பாத்தா இந்தக் கணக்கைக் காட்டுங்க. கம்பெனிக்கு நிஜமான பயம், மெஷின் சும்மா நிக்கிறது.

மாமா கேள்விக்கு வருவோம். ஒரு வேலைக்கு 5.4 கோடி முதலீடு. அதனால அங்க தேடப் போறது, நின்ன மெஷினை ஓட வைக்கத் தெரிஞ்சவங்களை. ஸ்பேனர் பிடிச்சா மட்டும் பத்தாது, பி.எல்.சி.யும் தெரியணும். ஆனா பிஸ்டன், வால்வு, போல்ட்னு வெளியில வாங்குற பாகங்களுக்குள்ளயும் உழைப்பு இருக்கு. அது இந்த 600-ல வராது. ரெஸ்யூமே அனுப்புறப்ப அந்தச் சின்னக் கம்பெனிகளையும் லிஸ்ட்ல சேத்துக்குங்க பாஸ்.