ஓடுவது பாடத்திட்டமா, பிள்ளையா?

2024 நவம்பர் 4 முதல் 11 வரை கொச்சியில் கேரளப் பள்ளி விளையாட்டு விழா ஒலிம்பிக்ஸ் பாணியில் நடந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். கேரளப் பாடத்திட்டம் நடத்தும் வளைகுடாப் பள்ளிகளிலிருந்தும் முதன்முறையாக வந்திருந்தார்கள். நல்ல காரியம். ஆனால் துபாயிலிருந்து விமானத்தில் வந்த பிள்ளைக்குத் திறந்த கதவு, காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரியில் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைக்குத் திறக்கவில்லை. சிபிஎஸ்இ பிள்ளையென்றால், ‘உனக்குத் தனி வழி இருக்கிறது’ என்று கைகாட்டிவிடுகிறார்கள்.

இதற்கு நாலைந்து நியாயங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, இது அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விழா, தனியாருக்கு இங்கே என்ன வேலை என்பது. விவரம் தெரியாத பேச்சு. தடகளத்தில் பல ஆண்டுகளாகக் கொடி நாட்டிய கோதமங்கலம் மார் பேசில், செயின்ட் ஜார்ஜ் இரண்டும் சபை நிர்வாகத்தில் நடக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகள். கொச்சியில் சிறந்த பள்ளியாக வந்த கடகசேரி ஐடியலும் தனியார் நிர்வாகம்தான். ஆக, தனியார் எப்போதோ உள்ளே வந்தாயிற்று. வெளியே நிற்பது வேறு பாடப்புத்தகம் படிக்கிறவர்கள் மட்டுமே.

சிபிஎஸ்இக்குத்தான் பல பள்ளிகளைத் தொகுத்து நடத்தும் கிளஸ்டர் போட்டிகள் இருக்கின்றனவே, இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பே சிபிஎஸ்இயை ஒரு மாநிலம்போலத் தனி அணியாக ஏற்கிறதே என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் மாநிலப் பள்ளிப் பிள்ளைக்கு முதல் படி வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டாஞ்சேரி உபஜில்லா (கல்வி உபமாவட்ட)ப் போட்டியில் தோற்றாலும் மாலைக்குள் வீடு திரும்பி, அடுத்த ஆண்டு மறுபடி வரலாம். கிளஸ்டரில் அந்த முதல் படியே இல்லை. அணி சேர்க்க ஆளில்லாத சின்னப் பள்ளி, பயணச் செலவுக்குத் தயங்கும் நிர்வாகம் என்று பல இடங்களில் கதை அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கோ எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் பெயரில்லை. அதனால் அந்த வழியும் கிடையாது.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் வந்து ஏழைகளின் பதக்கத்தையும், விளையாட்டில் வென்றவர்களுக்குத் தேர்வில் கூட்டிக் கொடுக்கும் கிரேஸ் மார்க்கையும் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தை மட்டும் நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். நீச்சலிலும் டென்னிஸிலும் பணம் பேசும். ஆனால் கொச்சி விழாவின் கடைசி நாளில் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் வெடித்த சண்டை எதைப் பற்றியது? சிறந்த பள்ளிகளில் இரண்டாமிடத்தைத் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். திருநாவாயா நவமுகுந்தாவும் மார் பேசிலும் கொதித்தெழுந்தன: விளையாட்டுக்கென்றே அரசு நடத்தும் விடுதிப் பள்ளியைச் சாதாரணப் பள்ளிகளோடு எப்படி ஒரே பட்டியலில் வைக்கலாம்? கேள்வி சரியானது. பதிலாக வந்தது அந்த இரு பள்ளிகளுக்கும் அடுத்த விழாவில் தடை. பிறகு அது நீக்கப்பட்டது. சமமின்மை எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சண்டையே காட்டிவிட்டது: பயிற்சியாளரும் விடுதியும் உள்ள பள்ளிக்கும் இரண்டும் இல்லாத பள்ளிக்கும் இடையில். சிபிஎஸ்இ என்ற பெயரை வாசலில் நிறுத்தினால் அந்த இடைவெளி ஓர் அங்குலம்கூடக் குறையாது. கிரேஸ் மார்க் மாநிலத் தேர்வுக்கு உரியது. வெளிப் பிள்ளையின் இடத்தைத் தனியாகக் கணக்கிட்டு, மாநிலப் பிள்ளைகளின் வரிசையைத் தனியே வைத்தால் யாருக்கும் ஒரு மதிப்பெண்ணும் போகாது.

கதவைத் திறந்தால் பள்ளிகள் ஆள் பிடிக்கத் தொடங்கும் என்கிறார்கள். இதுவரை பிடிக்காதவர்கள்போல! விழாவில் ஓட வேண்டுமென்றால் பாடத்திட்டத்தையே மாற்று என்று சொல்லும் விதிதான் பிள்ளையைப் பள்ளி விட்டுப் பள்ளி துரத்துகிறது.

வீட்டுக் கல்விப் பிள்ளைகளைக் கண்காணிக்க முடியாது என்பதற்குப் பெரிய பதில் தேவையில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பள்ளி அணிகளில் ஆட அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 1996இலேயே சட்டம் செய்தது. அந்த வழியில் வீட்டில் படித்துக்கொண்டே அரசுப் பள்ளி அணிக்கு ஆடிய டிம் டீபோ, 2007இல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மனைப் பெற்றார். இங்கேயே கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் வயதைத்தான் வரம்பாக வைக்கின்றன.

கொச்சியிலேயே பாடத்திட்டம் கேட்காத இடம் உண்டு. ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் பயிற்சியாளர் ரூஃபஸ் டிசூசா ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்பந்தும் ஹாக்கியும் கற்றுக்கொடுத்திருக்கிறார். பந்தைத் தொடுவதற்கு எந்த போர்டு என்ற சான்றிதழ் அங்கே தேவைப்பட்டதில்லை.

கேரளப் பொதுக்கல்வித் துறை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். உபஜில்லா அளவில் தொடங்கட்டும். வயதுச் சான்றும் குடியிருப்புச் சான்றும் போதும். வெளிப் பிள்ளை வெல்லும் புள்ளி எந்தப் பள்ளியின் கணக்கிலும் சேர வேண்டாம். அடுத்த விழாவின் விதிக் கையேடு அச்சுக்குப் போகும் முன் இந்த ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள்.