நடிப்பும் அல்ல, ஜின்னும் அல்ல

 

நேற்றுவரை ஓடியாடித் திரிந்த பெண்பிள்ளைக்கு இன்று கால் வரவில்லை. அல்லது பேசிக்கொண்டிருக்கும்போதே கண்களை மூடி விழுந்து, கைகால்களை உதறுகிறாள். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் நார்மல்’ என்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் வீடு இரண்டாகிறது. ‘பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள்’ என்கிறார் வாப்பா. ‘மஃரிப் நேரத்தில் வெளியே போனாளே, ஏதோ தீண்டிவிட்டது’ என்கிறார் உம்மம்மா.

இரண்டுமே தவறாக இருக்கலாம். ‘ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் டிஸார்டர்’ என்றொரு நோய் உண்டு. செயல்சார் நரம்பியல் கோளாறு என்று தமிழில் கூறலாம். இந்நோயில் மூளையின் அமைப்பில் பழுதில்லை. அது இயங்கும் விதத்தில்தான் தடுமாற்றம். வானொலிப் பெட்டியின் பாகங்கள் அனைத்தும் நன்றாயிருந்தும், அலைவரிசை விலகினால் இரைச்சல்தானே கேட்கும்? பெட்டியைப் படமெடுத்தால் அந்த இரைச்சல் படத்தில் விழுமா?

முன்னாளில் இதனை ‘ஹிஸ்டீரியா’ என்றனர். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெண்களின் நோய் என்னும் தப்பெண்ணமும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆண்களுக்கும் இது வருவதைப் பாரிஸ் நகர நரம்பியல் மேதை ஷார்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். இது அபூர்வமானதும் அன்று. ஸ்காட்லாந்தில் நரம்பியல் மருத்துவரிடம் புதிதாக வந்த 3781 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. தலைவலிக்காரர்கள் 19 சதவீதம். அடுத்த இடத்தில், செயல்சார்ந்த மற்றும் உளம்சார்ந்த தொல்லையுடையோர் 16 சதவீதம்.

ஸ்கேனில் தெரியாததை எப்படிக் கண்டறிவது என்று கேட்பீர்கள். அமெரிக்க மருத்துவர் ஹூவர் 1908இல் ஒரு சோதனையை விவரித்தார். படுத்திருக்கும் நோயாளியால் தளர்ந்த காலைப் படுக்கையில் அழுத்த இயலாது. நல்ல காலை, மருத்துவரின் கையை எதிர்த்து மேலே தூக்கச் சொன்னாலோ, தளர்ந்த கால் தானாகவே படுக்கையை அழுத்தும்! நினைத்து இயக்கும்போது அடைபடும் வழி, நினையாதபோது திறக்கிறது. இது பொய்யைப் பிடிக்கும் பொறியன்று. ‘உன் கால் செத்துவிடவில்லை’ என்று நோயாளிக்கே காட்டும் நம்பிக்கை.

வலிப்புப் போன்று வருவதை, வீடியோவுடன் கூடிய இ.இ.ஜி. பரிசோதனையால் பிரித்தறிகிறார்கள். இவ்வகை வலிப்புக்குக் காக்காய்வலிப்பு மாத்திரைகள் பயன் தருவதில்லை. எனினும் இரண்டு வலிப்பும் ஒருவருக்கே இருக்கக்கூடும். ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென ஒரு பக்கம் தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதமாகவும் இருக்கலாம். வீட்டில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சிகிச்சையின் முதற்படி, இது இன்ன நோய் என்று நோயாளிக்கு விளங்கச் சொல்வது. பின்னர் இந்நோயை அறிந்தவரிடம் இயன்முறைப் பயிற்சியும், தேவைப்படுவோர்க்கு உளவியல் சிகிச்சையும். பலர் தேறுகின்றனர், சிலருக்கு நாளாகும். மனவேதனை சிலருக்குக் காரணமாகலாம். வேறு சிலருக்கோ ஒரு காயமோ காய்ச்சலோ தொடக்கமாகிறது. ஆதலால், ‘அப்படியென்ன கவலை உனக்கு?’ என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். ‘கல்யாணம் முடித்தால் சரியாகிவிடும்’ என்று அவசரப்பட்டு இன்னொரு குடும்பத்தையும் துயரில் ஆழ்த்தாதீர்கள்.

நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் தந்துள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், மருத்துவத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஜின்னை விரட்டுவதாகச் சொல்லி அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், சங்கிலியில் பிணைப்பதும் மார்க்கமன்று, அநீதி. ‘நடிக்கிறாள்’ என்று ஆதாரமின்றிச் சொல்வதும் அதுபோன்றதே. தீய சந்தேகத்தை விலக்குமாறு சூரா அல்ஹுஜுராத் நம்மை எச்சரிக்கவில்லையா?

உங்கள் இல்லத்தில் இப்படியொரு பிள்ளை இருந்தால், இன்றிரவு அவளருகே அமர்ந்து, ‘உன்னை நான் நம்புகிறேன்’ என்று சொல்லுங்கள். நாளைக் காலை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.