பரணில் கிடந்த புகைவண்டி

"பரீட்சை முடியட்டும், பிறகு தருகிறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லாத பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? பரீட்சை முடிந்த பின் அந்தச் சொல்லை நினைவில் வைத்திருந்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தவர் எத்தனை பேர்? வாசக அன்பர்களே, இந்த இரண்டாவது கேள்விக்கு நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இம்மாதம் சொல்ல விரும்புகிறோம்.

1988 ஆம் ஆண்டு. நம் மூத்த மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான். கப்பலில் பணிபுரிந்த அவனுடைய தாய்மாமன் ஆங்கிலேய நாட்டுப் பொம்மைப் புகைவண்டி ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருந்தார். சிறிய எஞ்சின் ஒன்று, சரக்கு வேகன்கள் நான்கு, வட்டமாகப் பூட்டக்கூடிய தண்டவாளம், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று, அவ்வளவுதான். பள்ளி விட்டு வந்தால் பையன் அதன் அருகிலேயே குந்தியிருப்பான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. நாம் ஒன்றும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. பெட்டியைக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மேலே சொன்ன வாக்கியத்தை மட்டும் சொன்னோம்.

பரீட்சை முடிந்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். பிறகு மேல்நிலை வகுப்பு, கல்லூரி, வேலை, திருமணம். அவனும் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. 35 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெட்டி பரணிலேயே கிடந்தது.

இவ்வாண்டு தைமாதத்தில், கிறிஸ்மஸ் குடில் சாமான்களை மீண்டும் பரணில் அடுக்கும்போது அது கைக்கு அகப்பட்டது. கயிற்றை அவிழ்த்தோம். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் வரைந்த படம் ஒன்று. இரண்டு கோடு, மூன்று கோடு, ஒரு கட்டம், அதன்மேல் "கூட்ஸ் ஷெட்" என்ற எழுத்து, கீழே "கொடுமுடி". வட்டமாகச் சுற்றுவது போதாதென்று, நம் ஊர் நிலையத்தையே சிறிதாகக் கட்டிப் பார்க்கப் பையன் திட்டமிட்டிருக்கிறான். அது நமக்கு அன்று தெரியாது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கோடை விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தான். அதற்குள் அந்தப் படத்தை மெய்யாக்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தோம்.

நம் ஊர் நிலையத்தைச் சிலர் அற்பமாக எண்ணுவதுண்டு. ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே காவிரியை ஒட்டிச் செல்லும் இந்தப் பாதை மிகப் பழமையானது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியாக மேற்கே வந்த இருப்புப்பாதை 1868 ஆம் ஆண்டில் ஈரோட்டை எட்டியது. முதலில் அகலப்பாதையாகப் போட்டார்கள். 1870களில் அதைப் பெயர்த்து மீட்டர்ப்பாதையாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் அகலமாக்கினார்கள். கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் சிறுமியாக இருந்தபோது வறுமையால் இரயிலில் பாடினார் என்றும், அங்கேதான் அவரது குரல் நாடக உலகத்தார் காதில் விழுந்தது என்றும் ஊரில் இன்றும் சொல்வார்கள்.

நாம் சிறுவராயிருந்த 1950களில் நிலையத்தில் எமக்குப் பெரிய வேடிக்கை பயணி வண்டி அன்று, சரக்கு வண்டிதான். ஒவ்வொரு நிலையமாக நின்று, இங்கே இரண்டு வேகனைக் கழற்றிவிட்டு, அங்கே மூன்று வேகனைச் சேர்த்துக்கொண்டு போகும் வண்டி அது. கைகாட்டி இறங்கும்; நீராவி எஞ்சின் பெருமூச்சு விட்டபடி வேகன்களைப் பின்னுக்குத் தள்ளும்; பாயிண்ட்ஸ்மேன் பச்சைக்கொடியை அசைப்பார்; தாங்குகட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை காவிரிக்கரை வரை கேட்கும். கொப்பரை மூட்டை, வெல்லச் சிப்பம், மஞ்சள் மூட்டை எல்லாம் அந்தக் கொட்டகையில்தான் காத்திருக்கும். எஞ்சின் போன பிறகும் வேகன் சிறிது தூரம் நகர வேண்டியிருந்தால், கூலியாட்கள் சக்கரத்தடியில் கடப்பாரையைக் கொடுத்து, ஒரே குரலில் ஏலேலோ பாடி நெம்பித் தள்ளுவார்கள். வேகன்களை இவ்வாறு பிரித்தும் சேர்த்தும் வரிசைப்படுத்தும் வேலைக்குத்தான் "ஷண்டிங்" என்று பெயர்.

இன்று சிறு நிலையங்களில் அந்தக் காட்சி இல்லை. ஒன்றிரண்டு வேகன்களாகச் சரக்கு அனுப்பும் முறையை விட்டு, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு முழு வண்டியாக அனுப்பும் முறையை இரயில்வே 1980களில் வேகமாகக் கைக்கொண்டது. நடுவழியில் பிரிப்பதும் சேர்ப்பதும் குறைந்தால் வேகன்கள் விரைவில் திரும்பி வரும், காரணம் நியாயமானதே. சில்லறைச் சரக்கு லாரிக்குப் போயிற்று. நான்கு சக்கர வேகன்கள் பழைய இரும்பாயின. அகலப்பாதையில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டமும் 1995 ஆம் ஆண்டோடு நின்றது. இப்போது நம் பாதையின் மேலே மின்கம்பி ஓடுகிறது. ஆகவே மகன் வரைந்த அந்தப் படம், நமக்குத் தெரியாமலே, மறையவிருந்த ஒன்றின் பதிவாகிவிட்டது.

வேலையைத் தொடங்கும்போது பேராசை வந்தது. ஈரோட்டுச் சந்திப்பையும் கட்டலாமே, காவிரிக்கு ஒரு பாலமும் போடலாமே என்று மனம் விரிந்தது. நம் இல்லாள் ஒரே கேள்வியில் அடக்கினார்: "எங்கே வைக்கப் போறீங்க?" குடில் வைக்கும் பலகைதான் கையில் இருந்தது. நான்கடி நீளம், ஓரடி அகலம். அதற்குள் என்ன முடியுமோ அதுவே போதும் என்று தீர்மானித்தோம்.

இப்படிச் சிறு இடத்தில் ஷண்டிங் ஆட்டம் அமைப்பதில் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறை ஒன்று உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. அதன் அமைப்பு மிக எளிது. ஐந்து வேகன் கொள்ளும் பாதை ஒன்று. மூன்று வேகன் கொள்ளும் பாதைகள் இரண்டு. மூன்றும் ஒரு முனையில் கூடுமிடத்தில், எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு முன்பாதை. பாதை பிரியும் பாயிண்டுகள் இரண்டு. மொத்த வேகன் எட்டு. எட்டுச் சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த அதே வரிசையில் ஐந்து வேகன்களையும் நீளப் பாதையில் நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழிகள் உண்டு. நாள் ஒன்றுக்கு ஒரு முறை ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகள் ஆகும்!

இதில் நம்மை வியக்கச் செய்தது ஒன்று. முன்பாதையில் பத்து வேகன் நிற்குமானால் ஆட்டம் உடனே சப்பென்று போய்விடும். மூன்றுதான் நிற்கும் என்பதனாலேயே ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இனிக் கட்டிய கதை. பரணில் கிடந்த தண்டவாளத்தில் துரு ஏறியிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தும் பாதிக்கு மேல் உதவவில்லை. எஞ்சினுக்குள் இருந்த பழைய மசகு கோந்து போல் இறுகிவிட்டது. திருகுகளைக் கழற்றி, பஞ்சால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டோம். இரண்டு துளி விட்டால் அது மோட்டாருக்குள் இறங்கிக் கெடுத்துவிடும். 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தபோது எஞ்சின் ஒரு முறை முனகியது. விரலால் மெல்லத் தள்ளியதும் இரண்டங்குலம் நகர்ந்தது. அந்த இரண்டங்குலத்துக்கு நாம் பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பழைய மின்சாரப் பெட்டியை மட்டும் நம்பவில்லை. அதன் வயர் உறை வெடித்திருந்தது. பிள்ளைகள் தொடும் பொருளில் சிக்கனம் கூடாது என்று புதிதாக வாங்கினோம்.

பாயிண்டுகளையும், குறைந்த நான்கு வேகன்களுக்குச் சக்கரங்களையும் தபாலில் வரவழைத்தோம். வேகன் பெட்டிகளைத் திருமண அழைப்பிதழ் அட்டையில் வெட்டி ஒட்டினோம். பாயிண்டை இழுக்க மிதிவண்டிக் கம்பி ஒன்று பலகைக்கு அடியில் ஓடுகிறது. தண்டவாளத்துக்கிடையில் சரளைக்குப் பதில் காவிரி மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்துப் பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு சோப்புநீர் விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். சோப்பு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். ஆண்டுதோறும் குடில் கட்டிப் பழகிய கைகளுக்கு மலையும் மரமும் சிரமமாக இல்லை. ஈயம் பற்றவைப்பதுதான் சோதனையாயிற்று. கண் மங்கல், கை நடுக்கம். இருமுறை வயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டு, வண்டி ஏன் ஓடவில்லை என்று ஒரு வாரம் திகைத்தோம்.

கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு குறையும் கண்டுபிடிப்பார்கள். நம் நாட்டு அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். இந்தப் பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். வேகனின் அளவுக்குப் பாதை சற்று ஒடுங்கியே இருக்கும். அதற்காக வேலையை நிறுத்துவதா? நிறுத்தவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த வில்பர்ட் ஆட்ரி என்பவர், தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் சிறு மகனுக்கு எஞ்சின்களைப் பற்றிக் கதை சொன்னார். அக்கதைகள் 1945 ஆம் ஆண்டு முதல் நூல்களாகி உலகம் சுற்றின. தாமஸ் என்ற நீல எஞ்சினை இன்று அறியாத குழந்தை அரிது. அவர் மகனுக்குச் செய்து கொடுத்த பொம்மை எஞ்சினோ, துடைப்பக் கட்டையும் மரத்துண்டுகளும் கொண்டு செய்தது. நம் நாட்டிலும் புனே நகரில் ஜோஷி குடும்பத்தார் சிறு இரயில்களுக்கென்றே ஒரு காட்சியகத்தை 1998 ஆம் ஆண்டு திறந்தார்கள்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர் தம் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மலையும் பாலமுமாக மாபெரும் மாதிரி இருப்புப்பாதை ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்து அமைத்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார்; சில நாட்களுக்குள் அது தீக்கிரையாயிற்று. நண்பர்கள் போட்டி போட்டு ஆடுவதற்காக அவர் அமைத்த சிறிய ஷண்டிங் ஆட்டம் மட்டும் இன்றும் பல நாடுகளில் பலகைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறிதாகச் செய்ததைப் பிறரும் எளிதில் செய்துகொள்ளலாம் அல்லவா?

மே மாதம் மகன் வந்தான். பேரன்தான் முதலில் கண்டுபிடித்தான். "அப்பாரு, இது நம்மூரு ஸ்டேசனுங்களா?" என்று கூவினான். பின்னால் வந்த மகன் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றான். தலையில் நரை கண்டுவிட்ட பிள்ளை அவன். குனிந்து பார்த்தான், எஞ்சினைத் தொட்டான். பிறகு, "அப்பா, கூட்ஸ் ஷெட்டு எதிர்ப்பக்கமுங்க" என்றான்.

பெட்டி மூடியை எடுத்து வந்து பார்த்தோம். உண்மைதான். படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாம் கட்டியிருக்கிறோம்! மூன்று மாத வேலை. நமக்கு முகம் சுண்டியது. "அன்றைக்கே உன்னிடம் இதைக் கொடுத்திருந்தால் நீயே சரியாகக் கட்டியிருப்பாய்" என்றோம். எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்ல வேண்டியிருந்ததை அந்தச் சாக்கில்தான் நம்மால் சொல்ல முடிந்தது.

மகன் சிரித்தான். "இப்பத்தான் பரீட்சை முடிஞ்சுதுங்களா அப்பா?" என்றான். சிரிப்புத்தான்; ஆனாலும் அவன் அதை மறக்கவில்லை என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்தது. பிறகு சமையலறையிலிருந்து கத்தி ஒன்றைக் கொண்டு வந்து, கொட்டகையை நோகாமல் பெயர்த்தெடுத்தான். அன்றிரவு பதினொரு மணி வரை மூவரும் தரையில் உட்கார்ந்து அதை எதிர்ப்பக்கத்தில் ஒட்டினோம். மறுநாள் பேரன் சீட்டுக் குலுக்கினான்: வெல்லம், எள், மஞ்சள், உப்பு, கொப்பரை. வரிசைப்படுத்த நமக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பேரனுக்குப் பத்தே நிமிடம்.

அன்பர்களே, படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளையாட்டை ஒத்திவைக்க வேண்டிய வேளையும் உண்டு. ஆனால் பிள்ளையிடமிருந்து ஒன்றை வாங்கி வைக்கும்போது, திருப்பித் தரும் நாளையும் அதன்மேல் எழுதி வையுங்கள். அந்த நாளில் அவன் கேட்குமுன் நீங்களே எடுத்துக் கொடுங்கள். பிள்ளை கேட்காமல் இருப்பதை மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நம் வீட்டில் கேட்காமலிருந்த அந்த மௌனம் 35 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பெட்டி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஏணியைப் போட்டு ஒரு முறை ஏறிப் பாருங்கள்.