பிரமிடுக்குள் 'கிறுக்கு' ஜாக்!

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் பிரைட்லிங் என்றொரு கிராமம். அங்குள்ள தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் 25 அடி உயரத்துக்கு ஒரு பிரமிடு நிற்கிறது. உள்ளே இருப்பது எகிப்து ராஜா அல்ல, உள்ளூர்ப் பெரும் பண்ணையார் ஜான் ஃபுல்லர். சாவதற்கு 23 வருடம் முன்பே, 1811-ல், தனக்குத்தானே கட்டிக்கொண்ட சமாதி!

தலையில் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே மேஜையில் வறுத்த கோழியும் ஒயின் பாட்டிலும் இருக்கின்றன என்று ஊரில் பல காலமாக ஒரு கதை. 1982-ல் பழுதுபார்க்கத் திறந்தபோது கோழியும் இல்லை, நாற்காலியும் இல்லை. எல்லோரையும்போல மண்ணுக்கடியில்தான் படுத்திருந்தார்.

ஊர் வைத்த பெயர் 'மேட் ஜாக்'. அதாவது, கிறுக்கு ஜாக். சும்மா வைக்கவில்லை. 1810-ல் குடித்துவிட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தவர், சபாநாயகரையே 'விக் வைத்த அற்ப மனிதர்' என்று ஏசினார். பிடித்து அடைத்தார்கள். மன்னிப்புக் கேட்ட பிறகே வெளியே விட்டார்கள்.

'என் வீட்டிலிருந்து டாலிங்டன் தேவாலயக் கோபுரம் தெரியும்' என்று ஒருமுறை பந்தயம் கட்டினாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவே மேடு மறைக்கிறது. உடனே ஆள்விட்டு, கோபுர நுனி மாதிரியே கூம்பு ஒன்றைக் கட்டி நிறுத்திவிட்டார். பந்தயக் கதை நிஜமோ என்னவோ, கூம்பு இன்றும் இருக்கிறது.

நல்ல காரியங்களும் செய்தார். இடிபட இருந்த பழைய போடியம் கோட்டையை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனுக்கு அள்ளிக் கொடுத்தார். அவர் பணத்தில் 1833-ல் உருவான வேதியியல் பேராசிரியர் பதவியில் முதலில் அமர்ந்தவர் யார் தெரியுமா? கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே!

சரி, அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? 20 வயதில் கைக்கு வந்த குடும்பச் சொத்தில், சஸெக்ஸ் நிலங்களோடு ஜமைக்கா கரும்புத் தோட்டங்களும் அடக்கம். அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களுக்காகப் பரிந்து பேசியவர்களை நாடாளுமன்றத்தில் விடாமல் எதிர்த்தவர் இந்த ஜாக். சிறுவனுக்குக் கஷ்டம் என்பதற்காக வீட்டுப் புகைக்கூண்டைத் துடைக்காமல் விடுவோமா என்பது 1804-ல் அவர் வைத்த வாதம். கோழிக் கதைக்குச் சிரித்த வாய், இந்த இடத்தில் மூடிக்கொள்கிறது.

1834 ஏப்ரலில் ஃபுல்லர் இறந்தார். அதே வருடம் ஆகஸ்ட் 1-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அப்போதும் ஜமைக்காத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் இன்னும் நான்கு வருடம், அதே முதலாளிகளிடம் வேலை செய்தார்கள்.