கண்ணுதான் தெரியுதே, இமைக்கு எதுக்கு ஆபரேஷன்?

பெரியபுராணம் அரங்கேறிய ஊர் சிதம்பரம். 12-ம் நூற்றாண்டில், ஆயிரங்கால் மண்டபத்தில், சேக்கிழார் அதை அரங்கேற்றினார் என்பது மரபு. அதில் வரும் கண்ணப்பர் கதையை இந்தப் பக்கத்துச் சின்னக் குழந்தை கூடச் சொல்லும். காளத்தியப்பர் கண்ணில் ரத்தம் வழிந்ததும், திண்ணனார் அம்பால் தன் கண்ணைத் தோண்டி எடுத்து அங்கே அப்பிவிட்டார். கண்தானம் பற்றிப் பேசுபவர்களுக்குக் கைவசம் இருக்கும் முதல் உதாரணமும் இதுதான்.

ஆனால் கண்தானத்தில் முழுக் கண்ணை யாரும் மாற்றி வைப்பதில்லை. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவைத்தான் பொருத்துகிறார்கள். முழுக் கண்ணையும் ஒரு மனிதருக்குப் பொருத்திப் பார்த்தது 2023 மே மாதத்தில், நியூயார்க்கில். உலகிலேயே அதுதான் முதல் முறை. பொருத்திய கண்ணுக்கு ரத்த ஓட்டம் வந்தது, பார்வை வரவில்லை. அதாவது கண்குழி ஒரு முறை காலியாகிவிட்டால், அதில் வைக்கப் பார்க்கிற கண் இன்றைக்கும் உலகத்தில் எங்கேயும் இல்லை. செயற்கைக் கண் முகத்தை நிறைக்கும், பார்வையைத் தராது.

அப்படியானால் இருக்கிற கண்ணைச் சுற்றியுள்ளதை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்! மேலே இமை, ஓரத்தில் கண்ணீர்ப்பை, பின்னால் 7 எலும்புகள் சேர்ந்து கட்டிய குழி. அந்தக் குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர்தான். விழி அதில் 7 மில்லிலிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். மீதி இடத்தில் தசை, நரம்பு, கொழுப்பு, ரத்தக்குழாய் எல்லாம் அடைந்து கிடக்கின்றன. ஒரு சின்னக் கட்டி வந்தாலும் விழி வெளியே தள்ளப்படும். வேறு போக்கிடம் கிடையாது.

இந்த இடங்களுக்கென்றே ஓகுலோபிளாஸ்டி என்று ஒரு தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது. பெயரில் 'பிளாஸ்டி' இருப்பதாலோ என்னவோ, இது ஏதோ நடிகைகளுக்கான சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். "கண்ணு நல்லாத்தானே தெரியுது, இமைக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்ற கேள்வி அப்படித்தான் வருகிறது. இந்தக் கேள்வியே தவறு. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் குழந்தைகள். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே மேல் இமை தொங்கியிருக்கும். டாக்டர்கள் இதை டோசிஸ் என்பார்கள். இமையைத் தூக்கும் தசை சரியாக வளராததுதான் காரணம். கிரகணத்தில் தாய் வெளியே வந்தது காரணமல்ல. இமை கண்மணியை மூடிவிட்டால் அந்தக் கண்ணுக்குள் வெளிச்சமும் உருவமும் சரியாகப் போகாது. மூளை அந்தக் கண்ணைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். பார்வை வளர்வதெல்லாம் 7, 8 வயது வரைதான். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கலாம் என்று 20 வயதில் ஆபரேஷன் செய்தால் இமை தூக்கும், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. கண்மணி மூடியிருந்தால் வயது பார்க்காமல் சீக்கிரமே செய்ய வேண்டும். தசையில் ஓரளவு பலம் இருந்தால் அதைச் சுருக்கித் தைப்பார்கள். பலமே இல்லை என்றால், சிலிகான் நூலாலோ தொடையிலிருந்து எடுத்த திசுவாலோ இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். அதன்பின் குழந்தை புருவத்தைத் தூக்கினால் இமை தூக்கும். தூங்கும்போது கண் கொஞ்சம் திறந்திருக்கலாம், அதற்குச் சொட்டு மருந்து போட வேண்டியிருக்கும். இதையெல்லாம் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவது அவசியம்.

இதிலேயே விசித்திரமான ஒரு வகை உண்டு. குழந்தை பால் குடிக்கும்போதோ மெல்லும்போதோ தொங்கிய இமை படக் படக்கென்று மேலே போகும். 1883-ல் மார்கஸ் கன் என்ற டாக்டர் லண்டனில் 15 வயதுப் பெண் ஒருத்தியிடம் இதைப் பார்த்து எழுதினார். தாடைத் தசைக்குப் போக வேண்டிய நரம்பின் கிளை வழி தவறி இமைத் தசைக்கும் போய்விட்டதுதான் கதை. லேசாக இருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஆனால் மதிய உணவு நேரத்தில் ஒரு பையனின் கண் இப்படித் துடித்தால் வகுப்பில் என்ன பேசுவார்கள்? "கண்ணடிக்கிறான்" என்பார்கள், வாத்தியாரிடம் அடியும் வாங்கித் தருவார்கள். நரம்பு செய்கிற வேலைக்கு அவன் முதுகு பதில் சொல்லும்.

அடுத்து பெரியவர்கள். கண்கட்டி வந்தால் நாமக்கட்டியை உரைத்துப் போடுவது நம்மூர் வழக்கம். பெரும்பாலான கண்கட்டி தானே போய்விடும் என்பதால் நாமக்கட்டிக்கும் நல்ல பெயர். ஆனால் 60 வயதுக்காரருக்கு ஒரே இடத்தில், எடுத்த பிறகும் திரும்பத் திரும்பக் கட்டி வருகிறது, அங்கே இமை மயிரும் உதிர்கிறது என்றால் அது கண்கட்டியாக இல்லாமல் போகலாம். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் செபேசியஸ் புற்றுநோய் இப்படித்தான் வேஷம் போடும். மேலை நாடுகளில் அபூர்வமான இந்த நோய், இந்தியாவில் இமைப் புற்றுநோய்களில் கணிசமான பங்கு வகிக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவையும் வெட்டி, மீதி இமையை வைத்தே புது இமை கட்டிவிடலாம். கண்குழிக்குள் பரவிவிட்டால் கண்ணோடு சேர்த்துக் குழியையே காலி செய்ய வேண்டிவரும். திரும்பி வந்த கட்டியைச் சுரண்டியதோடு தூக்கிப் போடாமல் பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் பல கண்கள் தப்பும்.

கத்தியே எடுக்கக் கூடாத இடமும் உண்டு. ஒரு கண் வலித்து, வீங்கி, அசைக்க முடியாமல் போகும். கட்டியோ என்று பயம் வரும். ஸ்கேனில் பார்த்தால் கண் தசைக்குள் நாடாப்புழுவின் லார்வா இருக்கும். இந்தியாவில் இது அரிதல்ல. அல்பெண்டசோல் மாத்திரையும் ஸ்டீராய்டுமே பெரும்பாலும் போதும். எதை வெட்டக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தப் பிரிவின் வேலைதான்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை வந்தபோதுதான் 'கண்குழி' என்ற வார்த்தையே செய்திகளில் அடிபட்டது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. உயிரைக் காப்பாற்ற எத்தனையோ பேருக்குக் கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. அலை ஓய்ந்ததும் பேச்சும் ஓய்ந்துவிட்டது. குழி காலியானவர்கள் மட்டும் கறுப்புக் கண்ணாடியோடு வாழ்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் இந்த நோய்கள் ஏன் கண்ணில் படுவதில்லை? கணக்கு எடுக்கும் முறைதான் காரணம். 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம், பார்வை எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே எண்ணுகிறது. ஒரு கண் நன்றாக இருந்தால் அந்த ஆள் கணக்கில் வரமாட்டார். 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.வின் பட்டியலில் பிறவிக் குறைபாடுகள் 9. உதட்டுப் பிளவு இருக்கிறது, வளைபாதம் இருக்கிறது. கண்ணில் பிறவிக் கண்புரையும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைக் கோளாறும் இருக்கின்றன. தொங்கிய இமைக்குப் பெயர் சொல்லி இடமில்லை. பார்வைக் குறைவு பட்டியலில் இருக்கிறதே என்று கேட்கலாம். எழுத்துப் பலகையைப் படிக்கும் வயதில் அது தெரியவரும்போது, சோம்பேறிக் கண் பாதி வேலையை முடித்திருக்கும். இமை தொங்குவதைக் கண்டுபிடிக்கப் பலகையே வேண்டாம், முகத்தைப் பார்த்தால் போதும்!

கண்புரை நோயாளிகள் லட்சக்கணக்கில் காத்திருக்கும்போது ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற வாதம் நியாயமானதுதான். ஒரு கண்புரை ஆபரேஷன் சில நிமிடங்களில் முடியும், இமையைக் கட்டி எழுப்ப மணிக்கணக்கு ஆகும். ஆனால் இங்கே கேட்பது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு சர்ஜன் அல்ல. பார்த்ததும் சந்தேகப்பட்டு அனுப்பத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்கள்தான்.

அனுப்பவும் இடமில்லாத மாவட்டமல்ல கடலூர். கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகும் ரோட்டில், தவளக்குப்பத்தில், 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பாண்டியில் ஜிப்மர் இருக்கிறது. ரயில் ஏறினால் எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை. சிதம்பரத்திலேயே, அண்ணாமலை நகரில், 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது 2021-ல் சுகாதாரத் துறையின் கீழ் வந்து, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக நடக்கிறது. இமை, கண்குழி சிகிச்சை அங்கே ஒரு வலுவான பிரிவாக வளர்ந்தால், காட்டுமன்னார்கோவில்காரரும் பரங்கிப்பேட்டைக்காரரும் ஒரு நாள் கூலியை மட்டும் இழந்து வீடு திரும்பலாம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு மூன்றே மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இமை கண்மணியை மறைக்கிறதா? எடுத்த கட்டி அதே இடத்தில் திரும்ப வந்ததா? ஒரு கண் மற்றதைவிட முன்னால் துருத்துகிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவது கேள்வி குழந்தைக்கு என்றால் அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடாது. குழந்தையின் கண் சில நாட்களிலேயே துருத்தினால் அதற்குப் பின்னால் புற்றுநோய் இருக்கலாம், அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு.